கந்தோர் வாங்கில் காத்திருப்போர்

திருமணத்தை நாவலாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கின்றனர். மணமுறிவை எழுதியோரும் உளர். ஆயினும், முறிந்துபோன மணத்துக்கும் அம்முறிவைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் நாளுக்கும் இடையிலே கிடக்கும் நெடுங்காலம் இலக்கியத்தில் ஏறத்தாழ வெற்றிடமாகவே உள்ளது. அக்காலத்தில் மனிதர் செய்யும் தொழில் ஒன்றே: காத்திருத்தல். சட்டத்தரணியின் கந்தோர் வாங்கிலே குந்தியிருந்து, எழுதுவினைஞர் தலைநிமிரும் வேளையை எதிர்பார்த்து, ‘ஐயா கோட்டுக்குப் போய்விட்டார்’ என்ற மறுமொழியைக் கேட்டுக்கொண்டு பேருந்து ஏறும் பெண்கள் நம் நாட்டின் ஒவ்வொரு மாவட்ட நகரிலும் உள்ளனர். அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தொலைபேசி அழைப்புக்கும் பதில் இல்லை. வழக்கு நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதும் தெரியாது. இந்த மௌனத்தை இலக்கியம் எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது இலக்கியத்துக்குரிய பொருளன்று என்று கூறுவோர் இருக்கலாம். கோடு கச்சேரி விவகாரம் சட்ட நூல்களுக்குரியது, இலக்கியமோ மனித உள்ளத்தின் நித்திய உணர்ச்சிகளைப் பேசுவது என்பது அவர்கள் வாதம். உள்ளம் என்பது வயலிலும் ஆலையிலும் அடுக்களையிலும் நீதிமன்ற வாயிலிலும் உருவாகின்ற ஒன்று என்பதை ஏற்றுக்கொள்வோர் இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. ஒரு பெண்ணின் மூன்றாண்டு வாழ்வை ஒரு தவணைத் தாள் ஆட்சி செய்யுமாயின், அத்தவணைத் தாளும் இலக்கியத்தின் பொருளே.

மௌனஞ் சாதிக்கும் சட்டத்தரணியைப் பற்றி மக்களிடையே இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. ஒன்று, அவர் கெட்டவர் என்பது. மற்றது, கோடு என்றால் அப்படித்தான் என்பது. முன்னது தனிமனித ஒழுக்கத்தின்மேல் பழியைப் போடுகிறது. பின்னது விதியின்மேல் போடுகிறது. இரண்டுமே அந்நிலையைத் தோற்றுவிக்கும் சமூக உறவை மறைத்துவிடுகின்றன. சிறந்த நாவலாசிரியர்கள் இவ்விரு விளக்கங்களையும் தாண்டிச் சென்றிருக்கின்றனர் என்பதே அவர்களது பெருமை. எவ்வளவு தூரம் தாண்டினர் என்பதே நம் கேள்வி.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1854இல் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ என்னும் நாவலிலே ஸ்டீபன் பிளாக்பூல் என்றொரு நெசவாலைத் தொழிலாளி வருகிறான். குடிக்கு அடிமையாகி வீட்டை விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும் மனைவியிடமிருந்து சட்டப்படி விடுபட வழியுண்டா என்று கேட்க அவன் யாரிடம் போகிறான்? சட்டம் அறிந்தவரிடம் போக அவனுக்கு வசதி இல்லை. தனக்கு வேலை தரும் முதலாளி பவுண்டர்பியிடமே போகிறான். உணவு மேசையில் அமர்ந்தபடி முதலாளி விளக்குகிறார்: முதலில் திருச்சபைச் சட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, பின்னர் பொதுச்சட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, அதன்பின் பிரபுக்கள் சபை, இறுதியிலே பாராளுமன்றத்தின் தனிச் சட்டம். செலவோ ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு பவுண், அதற்கு மேலும் ஆகலாம். மனைவியைத் தாக்கினாலோ, அவளை விட்டு ஓடினாலோ, வேறொருத்தியை மணந்தாலோ, மணக்காமல் அவளோடு வாழ்ந்தாலோ தன்னைத் தண்டிக்கச் சட்டம் உண்டு என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறியும் தொழிலாளி, அப்படியாயின் தனக்கு உதவும் சட்டம் எங்கே என்று வினவுகிறான். அந்த வினாவிலே ஒரு நூற்றாண்டின் வர்க்கநீதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

டிக்கன்ஸ் மிகைப்படுத்தவில்லை. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்திலே முழுமையான விவாகரத்தைப் பாராளுமன்றத்தின் தனிச் சட்டத்தாலேயே பெறமுடிந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அவ்வாறு பெற்றோர் சில நூறு பேரே. அவர்களுள் பெண்கள் நால்வர் மட்டுமே. 1857க்குப் பின்னரும் மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணமாயிற்று. மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமை, கைவிடுகை முதலிய வேறொன்றையும் சேர்த்து நிரூபிக்கவேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு நீங்க 1923 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

டிக்கன்ஸின் குறைபாட்டையும் சொல்லியாகவேண்டும். ஸ்டீபனுக்குத் தனியனாக நின்று துன்புறும் பெருமையை அவர் வழங்கினார். கூட்டாக நின்று போராடும் வழியை வழங்கவில்லை. தொழிற்சங்கப் பேச்சாளரை வாய்வீச்சுக்காரராகவே தீட்டினார். விடுபட வழியறியாத தொழிலாளி இறுதியிலே கைவிடப்பட்ட சுரங்கக் குழியொன்றில் விழுந்து மாள்கிறான். பிரச்சினையைக் கூர்மையாகக் கண்ட எழுத்தாளர் அதன் தீர்வைக் கண்டு ஒதுங்கிய இடம் இது.

அதற்குச் சற்று முன்னர், 1852-53இல் தொடராக வெளிவந்த அவருடைய ‘ப்ளீக் ஹவுஸ்’ விவாகரத்து வழக்கைப் பற்றியதன்று. சொத்து வழக்கைப் பற்றியது. எனினும் நம் பொருளுக்கு அது இன்றியமையாதது. அதில் வரும் வோல்ஸ் என்னும் சட்டத்தரணி மௌனம் சாதிப்பவரல்லர். கட்சிக்காரனைக் கண்டபோதெல்லாம் பேசுகிறார். தாம் ஓயாது உழைப்பதாகவும், தம்முடைய மேசையை விட்டு அகல்வதேயில்லை எனவும் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் எதிலும் வழக்கைப் பற்றிய செய்தி எதுவும் இருப்பதில்லை. விளக்கமில்லாப் பேச்சும் மௌனத்தின் ஒரு வடிவமே என்பதை டிக்கன்ஸ் நுட்பமாகக் காட்டிவிடுகிறார். மேலும், வோல்ஸ் ஒரு கொடியவனாகத் தீட்டப்படவில்லை. அவருக்கு மூன்று பெண்மக்கள், ஆதரிக்கவேண்டிய தந்தை. ஊரார் மதிக்கும் கண்ணியவான். அந்தக் கண்ணியமே கட்சிக்காரனை விழுங்குகிறது. முடிவிலே வழக்குச் செலவு சொத்து முழுவதையும் தின்றுவிட்டபின் வழக்கு தானாகவே நின்றுபோகிறது. தனிமனிதக் குணக்கேடு என்ற விளக்கத்தை இதனிலும் வலிமையாக மறுத்த நூல் அரிது.

அதே நாவலில் மிஸ் ஃபிளைட் என்னும் முதியவள், தன் வழக்கின் தீர்ப்பை எதிர்பார்த்து நாள்தோறும் நீதிமன்றத்துக்கு வருகிறாள். கூட்டிலே பறவைகளை வளர்க்கிறாள். தீர்ப்பு வரும் நாளில் அவற்றைப் பறக்கவிடுவதென்பது அவள் எண்ணம். காத்திருக்கும் பெண்ணை ஆங்கில நாவல் ஒருவாறு கண்டுகொண்ட இடம் இது. ஆனால் எவ்வாறு கண்டுகொண்டது? சித்தம் கலங்கியவளாக. அறிவு தெளிந்த நிலையில், கணக்குப் பார்த்து, பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்குவதா சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுப்பதா என்று தீர்மானித்தவாறு காத்திருக்கும் பெண்ணை டிக்கன்ஸும் எழுதினாரில்லை.

இனி டோல்ஸ்டோயிடம் வருவோம். 1870களில் வெளிவந்த ‘அன்னா கரினீனா’வின் நான்காம் பாகத்திலே, கரேனின் பீற்றர்ஸ்பேர்க் நகரின் புகழ்பெற்ற சட்டத்தரணி ஒருவரை நாடிச் செல்லும் அத்தியாயம், விவாகரத்துச் சட்டத்தரணியைப் பற்றி உலக இலக்கியம் நமக்குத் தந்துள்ள சித்திரங்களுள் தலைசிறந்ததெனலாம். 1864ஆம் ஆண்டின் நீதித்துறைச் சீர்திருத்தம் ருஷ்யாவிலே புதிய வழக்கறிஞர் தொழிலைப் பிறப்பித்திருந்தது. அத்தொழிலின் புத்தம்புதுச் செல்வம் அம்மனிதரின் ஆடையிலும் கடிகாரச் சங்கிலியிலும் மின்னும் காலணியிலும் தெரிகிறது. கரேனின் தன் குடும்பத்தின் அவமானத்தை எடுத்துரைக்கத் தொடங்குகையில் சட்டத்தரணியின் கண்கள் மகிழ்ச்சியால் துள்ளுகின்றன. மேசைமேற் பறக்கும் அந்துப்பூச்சியை அவர் கை தாவிப் பிடிக்கிறது. பின்னொரு பூச்சி பறக்கும்போது, வந்தவரின் பதவியை மதித்து, நீண்ட கை அடங்கிவிடுகிறது. துன்பம் ஒருபுறம் பேசிக்கொண்டிருக்க, தொழில் மறுபுறம் பூச்சியையும் வீட்டுத் தளபாடத்துக்குப் போடவேண்டிய வெல்வெட்டுத் துணியையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு வசைச்சொல்லும் இல்லாமல் ஒரு தொழிலின் இதயத்தைத் திறந்துகாட்டிவிட்டார் ஆசிரியர்.

ஆயினும் நம் கண் வேறோரிடத்தில் தங்குகிறது. கரேனின் அந்த அறைக்குள் நுழையுமுன் வெளிக்கூடத்தில் சிலர் இருக்கின்றனர். ஒரு முதியவள், ஓர் இளம்பெண், ஒரு வணிகனின் மனைவி; வேறு மூன்று ஆடவர். எல்லோரும் காத்திருக்கின்றனர். கரேனினோ பெரும் அதிகாரி. தம் பெயர்ச் சீட்டை உள்ளே அனுப்புகிறார், கதவு திறக்கிறது. நாவலும் அவரோடு உள்ளே போய்விடுகிறது. கட்டணத்தைக் குறைக்கும்படி பேரம் பேசும் பெண்ணைப் பற்றி உள்ளிருந்தபடியே இரண்டொரு சொற்கள் கேட்கிறோம். இங்கே மலிவு விற்பனை நடக்கவில்லை என்று சட்டத்தரணி முதலில் சொல்லியனுப்புகிறார். கரேனினின் வழக்குத் தந்த குதூகலத்தில் பின்னர் அவளுக்குக் கட்டணத்தைக் குறைத்தும் விடுகிறார். ஒரு பெண்ணின் நீதி, மற்றொரு கட்சிக்காரர் அளித்த உற்சாகத்தின் சில்லறையாக அவள் கையில் விழுகிறது! டோல்ஸ்டோய் இதைக் கண்டார், கண்டதாலேயே எழுதினார். ஆனால் அவள் யார், எதற்காக வந்தாள், எத்தனை நாள் வந்தாள் என்று கேட்க அவருக்கு இடமில்லை. உலக நாவல் பெயர்ச் சீட்டோடு உள்ளே போனவர்களின் நாவலாகவே பெரும்பாலும் வளர்ந்திருக்கிறது. வாங்கில் இருந்தவர்கள் வாங்கிலேயே இருக்கின்றனர்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஆங்கில எழுத்தாளர் ஏ. பி. ஹெர்பேட் 1934இல் வெளியிட்ட ‘ஹோலி டெட்லொக்’ இன்னொரு வகையானது. பகையின்றிப் பிரிய விரும்பும் கணவனும் மனைவியும், குற்றம் ஒன்றில்லாமல் பிரிவைச் சட்டம் அனுமதியாததால், குற்றத்தை நடித்துக் காட்டவேண்டிய கேலிக்கூத்தை அது சித்திரிக்கிறது. ஹெர்பேட் 1935இல் பாராளுமன்றம் சென்று, விவாகரத்துக் காரணங்களை விரிவாக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற முன்னின்றார். ஒரு நாவலின் கருத்து மூன்றாண்டுக்குள் சட்டமானது சாதாரண வெற்றியன்று. எனினும், அந்நாவலின் மாந்தர் ஹோட்டல் அறைக்கும் சட்டத்தரணிக்கும் பணம் கொடுக்க வசதியுள்ளவர்கள். சட்டத்தின் மடமையை ஹெர்பேட் கண்டார். சட்டத்தின் விலையை அவர் பொருட்படுத்தவில்லை. அவ்விலையை ஓரளவு குறைத்தது இலக்கியமன்று. 1949இல் அங்கு வந்த சட்ட உதவித் திட்டமே. அந்த உதவியையும், குடும்ப வன்முறை போன்ற சில நிலைகள் தவிர, விவாகரத்து வழக்குகளிலிருந்து 2012ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2022 ஏப்பிரலில், குற்றம் சாட்டாமலே பிரியும் உரிமை அங்கே நடைமுறைக்கு வந்தது. சட்டம் எளிதாவதும் ஏழைக்கு எட்டுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கு பொதுச் சட்டப்படி மணந்தோரின் விவாகரத்து, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் நிழலில் நடந்து வந்திருக்கிறது. அது ஏற்ற காரணங்கள் மூன்று: மணத்தின் பின்னான விபசாரம், வன்மமான கைவிடுகை, மணத்தின்போதே இருந்த தீராத இயலாமை. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தமையையே காரணமாக்க 1977ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டதென்று பலர் கருதினர். 1986இல் உயர் நீதிமன்றம் தென்னக்கோன் வழக்கிலே, பிரிவு மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்படவேண்டும் என்று தீர்த்தது. குற்றம் வேண்டுமென்றால் குற்றச்சாட்டு வேண்டும். குற்றச்சாட்டு வேண்டுமென்றால் அதனை எழுதத் தெரிந்த கை வேண்டும். ஆக, இரு மனிதரின் பிரிவு மூன்றாமவர் ஒருவரின் கையிலே போய்ச் சேர்கிறது.

அக்கை எவ்வளவு வலியது என்பதைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நன்கு உணர்த்தும். கட்சிக்காரர் கையொப்பமிட்டு நீதிமன்றிலே கோவைப்படுத்தும் ‘பிரொக்சி’ என்னும் நியமனப் பத்திரம், ஒரு சட்டத்தரணியை அவ்வழக்கின் பதிவுபெற்ற சட்டத்தரணி ஆக்குகிறது. அதன்பின் எதிர்த்தரப்பின் அறிவித்தல்கள் அவரிடம் சேர்ந்தால் போதும். கட்சிக்காரருக்கு அவை தெரிந்துவிட்டனவென்று சட்டம் அனுமானிக்கும். நீதிமன்றில் பத்திரம் தாக்கல் செய்வதும் அவர் வழியாகவே. சட்டத்தின் காதும் வாயும் அவரே. அவர் பேசாதபோது நிகழ்வது வெறும் மரியாதைக் குறைவு அன்று. ஒரு குடிமகளின் காதும் வாயும் ஒருங்கே அடைபடுகின்றன. அவள் அறியாத தவணையில் அவள் வழக்குத் தள்ளுபடியாகலாம். அவள் அறியாமல் எதிர்மனு விடையின்றிக் கிடக்கலாம். தெரிந்துவிட்டதென்று சட்டம் கொள்வதும், தெரியவில்லையென்று வாழ்வு சொல்வதும் ஒரே பெண்ணின்மேல் ஒரே நாளில் நிகழ்கின்றன.

இந்த மௌனத்துக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. நம் நீதிமன்றங்களிலே ஒவ்வொரு தவணைக்கும் தோற்றக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவலானது. கட்டணம் தோற்றத்துக்கு, விளக்கத்துக்கு அன்று. கடிதத்துக்குப் பதிலெழுதும் அரைமணி நேரத்துக்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. தவணை தள்ளிப்போனால் இன்னொரு தோற்றம், இன்னொரு கட்டணம். நேர்மையான சட்டத்தரணியும் இந்த அமைப்புக்குள்ளேதான் தொழில் நடத்துகிறார். ஒரே நாளில் பல வழக்குகள், பல நீதிமன்றுகள், குவிந்த கோவைகள் ஆகியவற்றிடையே ஓடும் இளஞ் சட்டத்தரணிகளின் நிலையையும் நாம் அறியாதவரல்லர். ஏழைகளின் வழக்கை ஊதியமின்றி ஏற்று நடத்தியோரும் அத்தொழிலில் உளர். எனவே நம் குற்றச்சாட்டு அத்தொழில் செய்வோர் அனைவர்மீதும் அன்று. மௌனத்தை இலாபகரமாகவும் விளக்கத்தை நட்டமாகவும் ஆக்கிவைத்த ஏற்பாட்டின்மீதே ஆகும்.

வடபுலத்துப் பெண்ணுக்கு இந்தக் காத்திருப்பின் விலை இன்னும் கூடுதலானது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டப்படி, தன் பெயரிலுள்ள காணியையும் வீட்டையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பராதீனப்படுத்த முடியாது. தாய் தந்தையர் சீதனமாகக் கொடுத்த காணி. உறுதியில் இருப்பதோ அவள் பெயர். கைவிட்டுப் போன கணவன் கையொப்பமிட்டாலன்றி அவளால் அதனை விற்கவும் ஈடுவைக்கவும் இயலாது. கணவன் கைவிட்டுச் சென்றால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றை நாடி அச்சம்மதத்துக்கு விலக்குப் பெறலாமென்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த மனுவையும் யாரேனும் எழுதித் தாக்கல் செய்யவேண்டுமே! வழக்கு நடக்கும்போது வாழ்க்கைப் பணம் கேட்கவும் வழியுண்டு, அதுவும் மனுவே. இவ்வாறு ஒவ்வொரு கதவின் திறப்பும் அதே மேசை இழுப்பறையிலே கிடக்கிறது. தன் காணியை விற்றால் சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்கலாம். சட்டத்தரணி அசைந்தால்தான் காணியை விற்கலாம். இந்த முடிச்சைவிடப் பெரிய நாடகக் கருவை நம் எழுத்தாளர் எங்கே தேடுகின்றனர்?

சட்டத்தரணியே வேண்டாம் என்றால் தீர்ந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கும் நம் நாட்டுச் சட்டங்களே விடை தருகின்றன. 1952ஆம் ஆண்டின் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டம் இருவர் சம்மதத்தையும் ஒரு காரணமாக ஏற்கிறது. நீதிமன்றம் ஏறாமல் மாவட்டப் பதிவாளரிடமே காரியம் முடிகிறது. இது பாராட்டத்தக்கது. ஆனால் மனைவியின் விபசாரம் தனியே போதும் என்ற அச்சட்டம், கணவனுடையதாயின் அதனோடு வேறொரு கொடுமையும் சேரவேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்றுவதைத் தடுத்தது. அதே சட்டம் காதிப் பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. சட்டத்தரணி இல்லாத அம்மன்றங்களில் தம் குரல் கேட்கப்படுவதில்லை என்று முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகச் சீர்திருத்தம் கோரி இயங்கி வந்திருக்கின்றனர். புரட்சிக்குப் பிந்திய ருஷ்யாவின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 1917 டிசெம்பர் ஆணை, ஒருவர் விரும்பினாலே போதும் என்ற அளவுக்கு விவாகரத்தை எளிதாக்கியது. கரேனின் நாடிய சட்டத்தரணிக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. ஆயினும் குழந்தையோடு தனித்துவிடப்பட்ட பெண்ணுக்கு வேலையும் குழந்தைக் காப்பகமும் போதிய அளவு கிடைக்காதபோது, எளிய பிரிவு ஆணுக்கே வசதியாயிற்று. அக்குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாக, 1936இலும் 1944இலும் அரசு பிரிவையே கடினமாக்கி, செலவு மிக்கதாகவும் ஆக்கிற்று. பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரம் இல்லாத இடத்தில் நடைமுறை எளிமை பாதி நீதியே. அந்தப் பாதியையும் பறிப்பது நீதியாகாது.

நம் மொழி இலக்கியத்திலே இப்பொருளுக்கு மரபு இல்லாமலில்லை. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். மக்கள் அறியாத ஆங்கிலத்தில் நீதிமன்று பேசுவதை அந்நாவலிலேயே எள்ளி நகையாடினார். அவர் தொட்ட இடம் சரியான இடம். கட்சிக்காரர் விளங்கிக்கொள்ளாத மொழியே வழக்கறிஞரின் மௌனத்துக்கு முதல் அரண். அப்புக்காத்து, பிறக்கிராசி என்று நம் முன்னோர் வாயிலே வழங்கிய இரு தொழில்களும், 1974 முதல் சட்டத்தரணி என்ற ஒரே தொழிலாயின. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் நீதிமன்ற மொழியாக்கியது. பெயர் தமிழாயிற்று, மொழியும் சட்டப்படி தமிழாயிற்று. ஆனால் தன் வழக்கு எந்நிலையில் உள்ளது என்பதைத் தமிழிலே தெளிவாக எழுதிய ஒரு பக்கக் கடிதம் எத்தனை கட்சிக்காரருக்குக் கிடைக்கிறது?

நம் ஈழத்துச் சிறுகதைகளிலும் நாவல்களிலும் அப்புக்காத்தர் அடிக்கடி வருகின்றார். கார், கறுப்புக் கோட்டு, ஆங்கிலம், சீதனப் பேரம் என்ற அடையாளங்களோடு மேட்டுக்குடியின் பிரதிநிதியாக வந்து போகின்றார். அவரை வில்லனாக்கி நகைப்பது எளிது. ஆனால் அவருடைய கந்தோரின் அன்றாட இயக்கம், எழுதுவினைஞரின் சிறு அதிகாரம், கோவைக்கட்டு, தவணைக் கணக்கு, பற்றுச்சீட்டில்லாமற் கைமாறும் பணம் ஆகியவற்றை உள்ளிருந்து காட்டிய படைப்புகளை நாம் படித்த அளவில் மிக அரிதாகவே காண்கிறோம். வயலையும் கடலையும் தேயிலைத் தோட்டத்தையும் அவற்றின் தொழில் நுணுக்கத்தோடு எழுதக் கற்றுக்கொண்ட நம் முற்போக்கு எழுத்து, கச்சேரியையும் கந்தோரையும் இன்னும் வெளியிலிருந்தே பார்க்கிறது. யதார்த்தம் என்பது ஏழையின் குடிசையை வருணிப்பதோடு முடிந்துவிடாது. அக்குடிசையின் உறுதிப் பத்திரம் எவருடைய பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது என்று காட்டுவதும் யதார்த்தமே.

இன்னொரு குறையும் உண்டு. விவாகரத்துக் கோரும் பெண்ணை நம் எழுத்தாளர் பலர் ஒன்றில் தியாகியாக்குகின்றனர், அன்றேல் புரட்சிக்காரியாக்குகின்றனர். முன்னவள் வழக்கை மீளப்பெற்றுக் கணவன் காலடிக்குத் திரும்புகிறாள். பின்னவள் தாலியைக் கழற்றி வீசிவிட்டு நடக்கிறாள். இரண்டு முடிவும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. தாலியைக் கழற்றுவதற்கு ஒரு கணம் போதும். தீர்ப்பாணையைப் பெறுவதற்கோ ஆண்டுகள் வேண்டும். முதலில் தற்காலிகத் தீர்ப்பாணை, பின்னர் குறைந்தது மூன்று மாதம் கழித்தே இறுதித் தீர்ப்பாணை. அதையும் ஒருவர் நினைவிலிருத்திக் கேட்டுப் பெறவேண்டும். முதலாவது ஆணையோடு எல்லாம் முடிந்ததென்றெண்ணி மறுமணத்துக்கு நாள் பார்ப்பவளுக்கு அதனைச் சொல்லவேண்டியவர் யார்? இங்கேயும் மௌனம் ஒரு வாழ்வைக் குலைக்கக்கூடும்.

இவ்வேட்டைப் படிப்போருள் ஆசிரியரும் மாணவரும் பலர். இலக்கியம் எழுதப்படும்வரை அவர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஊரில் எழுத்தறிந்தவர் என்ற தகுதியாலே அவர்களை நாடி வரும் பெண்ணுக்குச் சொல்லக்கூடியவை உள்ளன. வழக்கிலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் அவள் தன் கையாலே எழுதி வைத்திருக்கட்டும். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கட்டும். வாய்மொழியை விட்டு, திகதியிட்ட பதிவுக் கடிதத்தாலே வழக்கின் நிலையை வினவட்டும். வழக்கேட்டிலே நடந்ததெல்லாம் தவணை தவணையாகப் பதியப்பட்டிருக்கும். நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் அதனைப் பற்றி விசாரிக்கலாம். நியமித்த சட்டத்தரணியை மாற்றுவதும் குற்றமன்று. அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றின் அனுமதியோடு பழைய பிரொக்சியை நீக்கிப் புதியதைக் கோவைப்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. கடமை தவறிய சட்டத்தரணியை விசாரிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. இவை பெரிய புரட்சிகளல்ல. ஆனால், தன் வழக்கின் சொந்தக்காரி தானே என்ற உணர்வு ஒரு பெண்ணிடம் தோன்றுவதற்கு இவை முதற்படிகளாகும். தனியொருத்தியாகக் கேட்கும்போது கிடைக்காத மறுமொழி, மாதர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் என்பதும் அனுபவமே.

எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது வேறு. ஸ்டீபனின் வினாவிலே வர்க்க வேலியை டிக்கன்ஸ் காட்டினார். அந்துப்பூச்சியைப் பிடிக்கும் கையிலே தொழிலின் அலட்சியத்தை டோல்ஸ்டோய் காட்டினார். குற்றத்தை நடிக்கச் செய்யும் சட்டத்தின் மடமையை ஹெர்பேட் காட்டினார். மூவரும் விட்டுச்சென்ற மனிதர் ஒருவரே: வெளிக்கூடத்து வாங்கிலே இருப்பவர். அவரிடம் பெயர்ச் சீட்டு இல்லை. பேருந்துச் சீட்டு மட்டுமே உண்டு. அவரைச் சித்தம் கலங்கியவராக்காமல், தியாகியாக்காமல், கணக்குப் பார்க்கும், கோபங்கொள்ளும், கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும் மனிதராகவே எழுதவேண்டும். அந்நாவலை எழுத வேண்டிய அனுபவம் நம் நகரங்களின் நீதிமன்ற வீதிகளிலே நிறையக் கிடக்கிறது. உள்ளே போனவர்களின் கதைகளை உலகம் போதியளவு படித்துவிட்டது. வாங்கில் இருப்பவரின் கதையை எழுதும் பொறுப்பு நம்முடையது.